பேர் வெட்டினாலும் கணக்கில் நிற்கும் சம்பளம்

மெஸ்ஸி 2023 ஜூலையில் இன்டர் மயாமிக்குப் போன பிறகுதான் நான் அமெரிக்காவின் உதைபந்தாட்ட லீக்கான எம்.எல்.எஸ். (மேஜர் லீக் சொக்கர்) ஆட்டங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அங்கே கிழக்குக் கரையில் சனிக்கிழமை இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம், கோடைகாலத்தில் இலங்கையில் நமக்கு ஞாயிறு விடிகாலை ஐந்து மணி. எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கிற மஸ்கெலியாப் பக்கம் அந்த நேரத்தில் மலை முழுக்கப் பனி மூடிக்கிடக்கும், வேலைக்கு ஆள் கூப்பிடும் பிரட்டும் கிடையாது, கொழுந்தும் கிடையாது. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, பிளேன்டீயோடு போனைப் பார்த்துக்கொண்டிருக்க அதைவிட நல்ல நேரம் வாராது.

ஆனால் ஆட்டத்தைவிட என்னைப் பிடித்து வைத்தது அந்த லீக்கின் சம்பளக் கணக்கு. நான் தோட்ட ஆபீசில் செக்ரோல், அதாவது ஆட்களின் வேலைநாள், சம்பளப் பதிவேடு, பார்க்கிறவன். யாருக்கு முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), யாருக்கு அரைப்பேர், யாருடைய சம்பளத்தில் என்ன பிடித்தம் என்று நாள் முழுக்க எழுதுகிற வேலை. அதனால் ஒரு வீரர் கோல் அடித்தால் மற்றவர்கள் ரீப்ளே பார்ப்பார்கள், நான் அவருடைய சம்பளம் அணியின் கணக்கில் எவ்வளவு என்று தேடுவேன். தேடவும் முடிகிறது. அங்கே வீரர்களின் சங்கம் ஒவ்வொருவருடைய சம்பளத்தையும் பெயர் போட்டுப் பகிரங்கமாக வெளியிடுகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பக்கத்து ஆளின் சம்பளம் தெரியாத இடத்தில் யாராலும் நியாயம் பேச முடியாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். 1996-ல் ஆட்டம் தொடங்கிய நாளிலிருந்தே எம்.எல்.எஸ்.ஸில் வீரர் ஒப்பந்தம் போடுவது கழகத்தோடு இல்லை, லீக்கோடு. கழகங்கள் எல்லாம் ஒரே கம்பெனியின் பிரிவுகள் மாதிரி. ஆகவே சம்பளத்துக்கு உச்சவரம்பு வைப்பதும் அங்கே சுலபம். 2024-ம் ஆண்டுக் கணக்கைச் சொல்கிறேன்: ஒரு கழகத்தின் சம்பள வரம்பு 54 லட்சத்து 70 ஆயிரம் டொலர். பட்டியலில் 30 பேர் வரை இருக்கலாம், ஆனால் முதல் 20 இடங்கள் மட்டும்தான் அந்த வரம்புக்குள் வரும். தனி ஒருவர் பெயரில் அதிகபட்சமாக 6,83,750 டொலர்தான் எழுதலாம். முதல் இருபது இடங்களில் உள்ள ஒருவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 89,716 டொலர்.

அப்படியானால் மெஸ்ஸி? சங்கம் 2024-ல் வெளியிட்ட பட்டியலில் அவருக்கு ஆண்டுக்கு 2 கோடியே 4 லட்சத்து 46 ஆயிரத்துச் சொச்சம் டொலர் என்று இருந்தது. கழகத்தின் வரம்புக் கணக்கில் அவர் பெயருக்கு நேரே நின்றது அந்த 6,83,750 மட்டும். மீதியைக் கழகமே தன் கையிலிருந்து கொடுக்கலாம், வரம்பில் சேராது. 2007-ல் டேவிட் பெக்காம் லொஸ் ஏஞ்சல்ஸ் கலக்ஸிக்கு வந்தபோது அதற்காகவே கொண்டுவந்த விதி இது, இன்றும் ‘பெக்காம் விதி’ என்றுதான் பெயர். ஒரு கழகம் இப்படி மூன்று பேர் வரை வைத்துக்கொள்ளலாம். இதற்கு வெளியே ஒதுக்கீட்டுப் பணம் என்று இன்னொன்று உண்டு, லீக் கொடுக்கும் அந்தப் பணத்தை வைத்து ஒரு வீரரின் கணக்குச் சுமையைக் குறைத்துக் காட்டலாம். அதன் உட்பிரிவுகளுக்குள் போனால் பொழுது விடிந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

நான் எழுத நினைத்தது மேலே இருக்கிற மூன்று பேரைப் பற்றி இல்லை. அந்த 89,716 டொலர்க்காரரைக் கழகம் வேண்டாம் என்று முடிவு செய்தால் என்ன நடக்கும் என்பதைப் பற்றி.

அதற்குத்தான் வேவர் என்று ஒரு முறை. கழகம் ஒரு வீரரை வேவரில் போடுகிறது என்றால், ‘எங்களுக்கு இவர் வேண்டாம், வேறு யாருக்காவது வேண்டுமா?’ என்று லீக் முழுவதற்கும் அறிவிப்பதாக அர்த்தம். குறித்த கெடுவுக்குள் மற்றக் கழகங்கள் கேட்கலாம். இரண்டு மூன்று கழகங்கள் கேட்டால், ஆட்டத்தில் யார் பின்தங்கி நிற்கிறார்களோ அவர்களுக்கு முன்னுரிமை. ஒரு கழகம் எடுத்துக்கொண்டால் வீரரின் ஒப்பந்தம் அப்படியே அங்கே போகும். அவர் ஒப்பந்தம் போட்டதே லீக்கோடுதானே! ஆகவே புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த ஊர் ஒன்று, திங்கட்கிழமை பயிற்சிக்குப் போக வேண்டிய ஊர் இன்னொன்று என்று ஆகலாம்.

பலவீனமான அணிக்கு முதல் உரிமை என்பது கழகங்களுக்கு இடையே நியாயமான ஏற்பாடு, அதை நான் மறுக்கவில்லை. வீரருக்கு அதில் ஒரு வார்த்தை பேசவும் இடமில்லை என்பதுதான் என் மனதை உறுத்துகிறது.

சரி, யாரும் கேட்கவில்லை என்றால்? செக்ரோல்காரன் கண்ணுக்கு முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. எல்லாம் அந்த ஒப்பந்தத்தின் வகையைப் பொறுத்தது. உத்தரவாதம் உள்ள ஒப்பந்தமாக இருந்தால், வீரர் மைதானத்துக்கு வராவிட்டாலும் மீதிச் சம்பளம் அவருக்குப் போய்ச்சேர வேண்டும். அதுமட்டுமில்லை, அந்தத் தொகை அவரை நீக்கிய கழகத்தின் வரம்புக் கணக்கிலேயே தொடர்ந்து நிற்கும். ஆளை அனுப்பிவிட்டு அவருடைய சம்பளத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. பெயரை வெட்டிவிட்டாய், ஆனால் வரியை அழிக்க முடியாது. பயிற்சியாளர் கோபத்தில் ஒருவரைத் தூக்கி எறிய நினைத்தாலும், கணக்குப் பார்க்கிறவர் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்ல வைக்கிற விதி இது. எம்.எல்.எஸ்.ஸின் சம்பள விதிகளில் வீரருக்குப் பக்கபலமாக நிற்பது எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அரைகுறை உத்தரவாதம் உள்ள ஒப்பந்தங்களும் உண்டு. பருவத்தின் நடுவில் ஒரு தேதி இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் அந்த ஆண்டுச் சம்பளம் உறுதி. அதற்கு முன்பே நீக்கிவிட்டால் நீக்கிய நாளோடு சம்பளம் நின்றுவிடும், கழகத்தின் கணக்கும் இலேசாகிவிடும். இளம் வீரர்களும் மாற்று வரிசையில் இருப்பவர்களும் பெரும்பாலும் இந்த வகையில்தான் இருக்கிறார்கள். அந்தத் தேதி நெருங்க நெருங்க அவர்களுடைய வீட்டில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். தற்காலிகப் பேரில் வேலை செய்கிற ஆட்களை எனக்குத் தெரியும். நிரந்தரமாக்க வேண்டிய காலம் நெருங்கும்போது யாரை வைப்பது, யாரை நிறுத்துவது என்று மேலே பேச்சு நடக்கும். கீழே ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கமாட்டார்கள்.

கணக்கிலிருந்து வரியையே அழிக்கவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மீதிச் சம்பளத்தைக் கழகம் தன் பணத்திலிருந்து கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துவிட்டால், வரம்பில் அந்த இடம் காலியாகும். ஆனால் வருடத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு மேல் இப்படிச் செய்ய விடமாட்டார்கள். இல்லாவிட்டால் பணக்காரக் கழகம் ஆளை எடுத்து, காசைக் கொடுத்து அனுப்பி, மறுபடி எடுத்து என்று வரம்பையே அர்த்தமில்லாமல் ஆக்கிவிடும். இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்வதும் உண்டு. மெஸ்ஸி வந்த அந்த ஜூலையிலேயே ரொடோல்போ பிசாரோ இன்டர் மயாமியோடு பேசி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு கிரேக்கத்தின் ஏ.ஈ.கே. ஏதென்ஸுக்குப் போனார். பெக்காம் விதிப்படி வரும் அந்த மூன்று நட்சத்திர இடங்களில் ஒன்றில் இருந்தவர் அவர். பெரிய ஆட்கள் வரவேண்டும் என்றால் இடம் காலியாக வேண்டும், காலியாவது எப்போதும் யாரோ ஒருவருடைய இடம்.

விதியை ஏமாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே கழகம்தான் உதாரணம். பிளேஸ் மத்துய்டி, உலகக்கிண்ணம் வென்ற பிரான்ஸ் அணியின் நடுக்கள வீரர். அவரை மயாமி சாதாரண இடத்தில் எழுதி வைத்திருந்தது. உண்மையில் கொடுத்த சம்பளத்துக்கு அவர் நட்சத்திர இடத்தில் இருந்திருக்க வேண்டும். அங்கே ஏற்கனவே மூன்று பேர். 2021-ல் லீக் விசாரித்து, கழகத்துக்கு 20 லட்சம் டொலர் தண்டப்பணம் போட்டது. உரிமையாளர் ஹோர்கே மாஸுக்குத் தனியாக இரண்டரை லட்சம். அடுத்த இரண்டு பருவங்களின் ஒதுக்கீட்டுப் பணத்திலும் 22 லட்சத்துக்கு மேல் வெட்டு. இரண்டு புத்தகம் எழுதுகிற வேலை எங்கே நடந்தாலும் எனக்கு ஆகாது. அந்தச் செய்தியைத் தேடிப் படித்தபோது அந்தத் தண்டனை சரிதான் என்று பட்டது.

இப்போதிருக்கிற பாதுகாப்பெல்லாம் லீக் தானாகப் பார்த்துக் கொடுத்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முதல் சில ஆண்டுகளில் வீரர்களுக்குச் சங்கமே இல்லை. ‘எல்லாக் கழகங்களும் ஒரே கம்பெனி என்று சொல்லிக்கொண்டு எங்கள் சம்பளத்தை அமுக்குகிறார்கள்’ என்று எட்டு வீரர்கள் வழக்குப் போட்டார்கள். 2002-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றார்கள். அதற்குப் பிறகுதான் 2003-ல் சங்கம் வந்தது, 2004-ல் சங்கமும் லீக்கும் பேசிப் போட்ட முதல் கூட்டு ஒப்பந்தம். 2010-ல் பருவம் தொடங்க ஒரு சில நாள் இருக்கும்போது வேலைநிறுத்தம் வரைக்கும் போய், அதன் பலனாக உத்தரவாத ஒப்பந்தங்கள் பெருகின. கழகம் வைத்துக்கொள்ளாத வீரர் மற்றக் கழகத்துக்குப் போக ஒரு வழியும் திறந்தது. அதற்கு முன்பு, ஒப்பந்தம் முடிந்த வீரரையும் பழைய கழகம் தன் உரிமையில் பிடித்து வைத்திருக்கும். சம்பளமும் இல்லை, போகவும் முடியாது. 2015-ல் 28 வயதும் எட்டு வருடச் சேவையும் இருந்தால் விரும்பிய கழகத்துக்குப் போகலாம் என்று ஆனது. 2020 ஒப்பந்தத்தில் அது 24 வயது, ஐந்து வருடம் என்று இறங்கியது. ஒவ்வொரு படிக்கும் ஒரு பேச்சுவார்த்தை, ஒவ்வொரு பேச்சுவார்த்தைக்கும் ஒரு மிரட்டல்.

கூட்டு ஒப்பந்தம் என்ற பெயரைக் கேட்டாலே நம்ம மலையகத்து ஆட்களுக்கு ஆயிரம் ஞாபகம் வரும். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக எத்தனை வருடம் ரோட்டில் நின்றோம், கடைசியில் 2021-ல் சம்பள நிர்ணய சபை மூலம்தானே அது வந்தது. 2024-ல் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனதும் அதே வழியில். அதனால் அமெரிக்காவில் பந்து விளையாடுகிறவன் மேசையில் உட்கார்ந்து வாங்கியதை நான் இலேசாக நினைக்கவில்லை.

பழைய கழகம் விட்டால்தான் போகலாம் என்பதைப் படிக்கும்போது எனக்கு எங்கள் தாத்தா காலத்துத் துண்டு முறை ஞாபகம் வந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றால் துரையின் கையெழுத்துப் போட்ட துண்டு வேண்டும். இத்தனை ரூபாய் கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவோம் என்று அதில் எழுதியிருக்கும். புதுத் தோட்டம் கட்டும், ஆட்கள் போவார்கள், கடனும் கூடவே போகும். 1921-ல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள்.

அதேபோல ஒரு ஏற்பாடு இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் 1960-கள் வரைக்கும் ஓடியிருக்கிறது. வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு 20 பவுண். ஒப்பந்தம் முடிந்தாலும் கழகம் வீரரின் பதிவைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். வீரர் சங்கத்தின் தலைவர் ஜிம்மி ஹில் வேலைநிறுத்தம் வரை போய் 1961 ஜனவரியில் அந்த வரம்பை எடுக்க வைத்தார். சீக்கிரமே ஜொனி ஹெய்ன்ஸ் என்ற புல்ஹாம் வீரர் வாரம் 100 பவுண் வாங்கினார். பதிவைப் பிடித்து வைக்கிற விஷயத்தில் ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம் என்பவர் நியூகாசில் கழகத்தோடு மோதினார். கழகம் விட மறுத்தது. அவர் பந்தையே விட்டுவிட்டு தெற்கே போய்த் தக்கை விற்கிற வேலை பார்த்தார். ஒரு நல்ல வீரர், ஆடத் தெரிந்த கால்களோடு, தக்கை விற்றார்! பிறகு கழகம் இறங்கி வந்து அவரை ஆர்சனலுக்கு விற்றது. ஆனாலும் அவர் வழக்கை விடவில்லை. 1963-ல் இந்த முறை தொழில் செய்யும் உரிமையை நியாயமில்லாமல் தடுக்கிறது என்று தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்தவர் காசு எதுவும் கட்டாமல் போகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் பொஸ்மன் வழக்கில் சொல்ல 1995 டிசம்பர் ஆனது.

சம்பளத்துக்கு வரம்பு வைப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. வரம்பே இல்லாவிட்டால் நாலு பணக்காரக் கழகங்கள்தான் காலத்துக்கும் கிண்ணம் தூக்கும். ஆனால் வரம்பு வைக்கிறவன் இரண்டு பொறுப்பை ஏற்க வேண்டும். வேண்டாம் என்று சொன்ன ஆளுக்குச் சேர வேண்டியதைக் கடைசிச் சதம் வரை கொடுக்க வேண்டும். அப்புறம் அவன் போகிற வழியை மறிக்கக் கூடாது. எம்.எல்.எஸ். முதலாவதில் ஓரளவு நல்லபடியாக வந்திருக்கிறது, இரண்டாவதில் இன்னும் தூரம் இருக்கிறது.

இதை இவ்வளவு தூரம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன். எங்கள் இளைஞர் கழகத்தில் இடதுபக்கம் விளையாடினவன். ஹட்டன் டன்பார் மைதானத்தில் ஒரு போட்டியில் அவன் ஆட்டத்தைப் பார்த்து, வெளியூர்க் கழகம் ஒன்று கூப்பிட்டது. தங்க இடம், சாப்பாடு, மாதம் ஒரு தொகை. எல்லாம் வாய்ப்பேச்சு. பதிவுப் பாரத்தில் மட்டும் கையெழுத்து வாங்கினார்கள், அதன் பிரதியைக்கூட அவனுக்குத் தரவில்லை. முதலில் சம்பளம் வந்தது, பிறகு தவணை தவணையாக வந்தது, அப்புறம் வரவேயில்லை. ஒரு நாள் போனில், ‘நாளையிலிருந்து பயிற்சிக்கு வரவேண்டாம்’ என்றார்கள். அவ்வளவுதான்.

அவன் வீட்டுக்கு வந்த மறுநாள், தண்ணீர் விழும் பீலிக்கரையில் அவனைப் பார்த்தேன். பூட்ஸ் இரண்டையும் கழுவிக்கொண்டிருந்தான். நாக்கைத் தனியாக இழுத்து, கயிற்றை உருவி, அடியில் ஒட்டியிருந்த மண்ணை ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்தான். ‘அண்ணே, வேற டீம் கேக்குறாங்க, லெட்டர் வேணுமாம்’ என்றான். பழைய கழகம் விடுவிப்புக் கடிதம் கொடுத்தால்தான் புதுக் கழகம் அவனைப் பதிய முடியும். நான் போன் பண்ணினேன். செயலாளர் வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள், அடுத்த தடவை கூட்டம் கூட வேண்டும் என்றார்கள், கடைசியில் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டினால் பார்க்கலாம் என்றார்கள். அதற்குள் பதிவுக் காலம் முடிந்துவிட்டது. அந்தப் பருவம் முழுக்க அவன் ஹட்டனில் ஒரு ஹாட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை இறக்கினான்.

உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் விதிகளைப் பார்த்தால் இவனுக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. பருவத்தின் நடுவில் ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறிக்கக் கூடாது. இரண்டு மாதச் சம்பளத்தை நியாயமில்லாமல் நிறுத்தி வைத்தால், வீரர் எழுத்தில் அறிவித்து, கட்டுவதற்குக் குறைந்தது 15 நாள் கொடுத்து, அப்போதும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம். 2018-ல் சேர்த்த விதி இது. விளையாட விடாமல் துன்புறுத்தி வீரரையே ஓடவைக்கிற வேலைக்கும் அதில் தடை உண்டு. ஆனால் இதெல்லாம் எழுத்தில் ஒப்பந்தம் உள்ளவனுக்கு. எங்கள் பையனின் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. தோட்டத்திலிருந்து வெளியே போட்டால்கூட, வேலையிலிருந்து நிறுத்தியதற்கு ஒரு பற்றுச்சீட்டாவது கையில் கொடுப்பார்கள், இவனுக்கு அதுவும் இல்லை.

ஆகவே தம்பிமார் யாராவது இதைப் படித்தால் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கழகம் கூப்பிட்டாலும் சந்தோஷமாகப் போங்கள், ஆனால் கையெழுத்துப் போடுகிற காகிதத்தின் பிரதி இல்லாமல் எழும்பி வராதீர்கள். அதில் ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்க வேண்டும். மாதத் தொகை எழுத்திலும் இலக்கத்திலும் இருக்க வேண்டும். கழகம் இடையில் வேண்டாம் என்றால் மீதி மாதங்களுக்கு என்ன தருவார்கள், விடுவிப்புக் கடிதம் எத்தனை நாளில் தருவார்கள் என்ற இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் கையில் கொடுத்தாலும் ஒவ்வொரு மாதமும் தேதி போட்டு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். தகராறு வரும்போது நாள் கணக்கு வைத்திருக்கிறவன் பேச்சுக்குத்தான் பலம்.

எங்கள் கழகத்துக்கும் ஒரு விதி கொண்டுவந்திருக்கிறோம். சம்பளம் கொடுக்கிற வசதி எங்களுக்கு இல்லை, ஜேர்சியும் வேன் கூலியும்தான். ஆனாலும் யார் வேறு அணிக்குப் போக வேண்டும் என்று கேட்டாலும், ஒரு வாரத்துக்குள் கடிதம் கொடுக்க வேண்டும், காசு கேட்கக் கூடாது, கூட்டம் கூட்டவும் தேவையில்லை, தலைவரோ செயலாளரோ ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். கமிட்டியில் ஒருவர் மட்டும் ‘நல்ல பையன்கள் எல்லாம் போய்விட்டால் என்ன செய்வது?’ என்று கேட்டார். போகட்டும் என்றேன். கடிதத்தை நானே டைப் அடித்து, பெயரும் தேதியும் எழுத இடம் விட்டு, ஆபீஸ் மேசை லாச்சியில் ஒரு கட்டு வைத்திருக்கிறேன். முதல் கடிதத்தை அந்தப் பையனின் தம்பிக்குக் கொடுத்தோம்.